கடற்பாசி ஆய்வுக்கு நிதிநல்கை தேடி மூன்று ஆண்டுகளாகத் தவறுகிறேன்: பிழை எங்கே இருக்கிறது?

கேள்வி: மண்டபம் உதவிப் பேராசிரியர்

அனைவருக்கும் வணக்கம். இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் உள்ள அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் தாவரவியல் துறையில் நிரந்தர உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். வயது 39. முனைக்காடு, வேதாளை பக்கம் மூங்கில் தெப்பங்களில் வளர்க்கப்படும் கப்பாபைகஸ் பாசி, கடல்நீர் சூடேறும் மாதங்களில் வெளுத்து ஒடிந்து போவதை ஆராய விரும்புகிறேன். இந்தத் தொழிலை நம்பியிருக்கும் மகளிர் குழுவினர் சிலர் எங்கள் மாணவிகளின் தாய்மார்கள். சிக்கலை முதலில் சொன்னவர்களும் அவர்கள்தாம்.

நிதி தேடுவதில்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன். முதல் முறை ஒரு மத்திய அரசுத் துறையின் அழைப்புக்கு விண்ணப்பித்தேன். எங்கள் முன்மொழிவு அழைப்பின் வரம்புக்குள் வரவில்லை என்ற ஒற்றை வரியோடு திரும்பிவிட்டது. இரண்டாம் முறை, அழைப்பு கண்ணில் பட்டபோது கடைசி நாளுக்குப் பதின்மூன்று நாள்களே இருந்தன. நிறுவன ஒப்புதல் சான்றிதழ் நிருவாகத்தின் மேசையில் பதினொரு நாள் கிடந்தது. மூன்றாம் முறை வெளிநாட்டு அமைப்பு ஒன்றை அணுகியபோது, அயல்நாட்டு நன்கொடைப் பதிவு எண் உண்டா என்று கேட்டார்கள். எங்கள் கல்லூரிக்கு அது இல்லை.

நாள்தோறும் ஒரு மணி நேரம் இணையத்தில் தேடுகிறேன். வாட்ஸ்அப் குழுக்களில் வரும் அறிவிப்புகளையும் பார்க்கிறேன். அவற்றில் பாதி ஏற்கெனவே முடிந்துபோனவை. நான் தேடும் இடம் தவறா, தேடும் முறை தவறா? கல்லூரி ஆசிரியர்களுக்கென்று தனித் திட்டங்கள் உண்டா? வெளிநாட்டு நிதியை மறந்துவிட வேண்டியதுதானா?

பதில் 1: பழைய கோப்பு

அம்மா, பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில் நீண்ட காலம் கோப்பு நகர்த்தி ஓய்வு பெற்றவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். மூன்று தோல்விகளில் ஒன்றுகூட அழைப்பு கிடைக்காததால் வந்ததில்லை. முதலாவது பொருத்தத்தில் நேர்ந்த பிழை, இரண்டாவது நாள்காட்டியில் நேர்ந்த பிழை, மூன்றாவது நிறுவனத்தின் தகுதியில் உள்ள குறை. ஆகவே தேடலுக்கு இன்னொரு மணி நேரம் கூட்டினால் இவற்றில் எதுவும் தீராது.

பொருத்தத்தை எடுத்துக்கொள்வோம். திறந்திருக்கும் அழைப்புகளைத் தேடுவதை ஒரு மாதம் நிறுத்திவிட்டு, ஏற்கெனவே நிதி பெற்ற திட்டங்களைத் தேடுங்கள். கடற்பாசி பற்றி இந்தியாவில் வந்த அண்மைக் கட்டுரைகள் இருபதை எடுத்து, ஒவ்வொன்றின் இறுதியிலும் உள்ள நன்றியுரையைப் படியுங்கள். எந்தத் துறை, எந்தத் திட்டத்தின் கீழ் பணம் தந்தது என்று அங்கே எழுதியிருக்கும். நிதி தரும் நிறுவனங்கள் தங்கள் தளங்களில் ஒப்புதல் பெற்ற திட்டங்களின் பட்டியலையும் வெளியிடுகின்றன. அதில் தலைப்புகளை மட்டும் படித்தாலே அந்த நிறுவனத்தின் மனம் எங்கே இருக்கிறது என்பது புரிந்துவிடும். அழைப்பில் எழுதியிருக்கும் நோக்கத்தைவிட அந்தப் பட்டியல் நேர்மையானது என்பது என் அனுபவம்.

திட்டங்களைப் பற்றிக் கேட்டீர்கள். அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியமான செர்ப் இப்போது தனியாக இல்லை. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளைக்குள் அது அடங்கிவிட்டது. உங்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னமும் செர்ப் பெயரில் சுற்றும் பழைய படிவங்களை நம்பாதீர்கள். அறக்கட்டளையின் பிரதமர் தொடக்கநிலை ஆய்வாளர் நல்கைக்கு வயது வரம்பு 42 என்பதால் உங்களுக்கு இன்னும் காலம் இருக்கிறது, ஆனால் நிறைய இல்லை. செர்ப் காலத்தில் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்டது ஷ்யூர் என்னும் திட்டம்.

எனக்கு உங்கள் நிலைக்கு மிகப் பொருத்தமாகத் தோன்றுவது 2017இல் தொடங்கிய டேர் என்னும் ஆசிரியர் இணைப்புத் திட்டம். கல்லூரி ஆசிரியர் தம் பணியில் இருந்துகொண்டே, ஒரு தேசிய ஆய்வு நிறுவனத்தில் ஆண்டுதோறும் குறிப்பிட்ட நாள்கள் ஆய்வு செய்யலாம். மூன்றாண்டுகளுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் நல்கை. அதில் பாதி உங்கள் கல்லூரிக்கும் பாதி அந்த நிறுவனத்துக்கும் போகும். பிற ஊர் ஆசிரியர்கள் இதற்காக ரயிலேறி வேறு நகரத்துக்குப் போகிறார்கள். உங்களுக்கோ மண்டபத்திலேயே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் கடற்பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன. முன்னது 1947இல் மண்டபத்தில்தான் பிறந்தது; தலைமையகம் 1971இல் கொச்சிக்குப் போனது. பேருந்தில் போய்த் திரும்பும் தூரத்தில் இருப்பவரைப் பார்க்காமல் டில்லியைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இவற்றில் எந்தத் திட்டமும் ஆண்டு முழுவதும் திறந்திருப்பதில்லை. திறக்கும்போது விதிகள் மாறியிருக்கலாம். அன்றைய அறிவிக்கையைத்தான் இறுதியாகக் கொள்ள வேண்டும்.

இரண்டு விவரம் சொல்லுங்கள். கல்லூரிக்குப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டத்தின் 12பி ஏற்பு, அதாவது மத்திய நிதியுதவி பெறும் தகுதி, உண்டா? தொண்டு அமைப்புகள் பதிவு செய்யும் நிதி ஆயோக்கின் தர்ப்பன் தளத்தில் உங்கள் நிருவாக அறக்கட்டளை பதிவு செய்திருக்கிறதா?

பதில் 2: வாடைக்காற்று

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். நான் இதே கரையில் கடற்பாசி ஆய்வு செய்பவன். முன்மொழிவுகளை மதிப்பிட்டும் இருக்கிறேன். நிதியைப் பற்றி மேலே ஐயா சொல்லிவிட்டார். நான் உங்கள் முன்மொழிவைப் படிக்கும் மதிப்பீட்டாளராக நின்று மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

ஒன்று, கப்பாபைகஸ் நம் கடலுக்குரிய பாசி இல்லை. குருசடைத் தீவில் அது பவளப்பாறைகள் மேல் படர்ந்ததை ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். இதைத் தொடாமல் போகும் முன்மொழிவை மதிப்பீட்டாளர் அறியாமை என்று எடுத்துக்கொள்வார், அல்லது மறைப்பு என்று எடுத்துக்கொள்வார். இரண்டும் உங்களுக்கு நல்லதில்லை. முதல் பக்கத்திலேயே அதைச் சொல்லி, உங்கள் தெப்பங்கள் வடகடலில், அதாவது பாக் நீரிணைப் பக்கம், எங்கே நிற்கின்றன, அறுந்த துண்டுகள் பரவாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்பதை எழுதுங்கள்.

இரண்டு, மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்காவின் 21 தீவுகளை ஒட்டிய நீருக்குள் மாதிரி எடுக்கப் போகிறீர்களா? அப்படியானால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். பல மாதங்கள் ஆகக்கூடும் என்று எண்ணியே திட்டமிடுங்கள். பாக் நீரிணைப் பக்கத் தெப்பங்களோடு நின்றுகொண்டால் முதல் கட்டத்துக்கு அந்தச் சுமை இருக்காது. எது தேவை, எது தேவையில்லை என்பதை மண்டபம் வனச்சரக அலுவலகத்தில் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று, பாசி வெளுப்பதற்கு ஒரே நுண்ணுயிரி காரணம் என்று எழுதிவிடாதீர்கள். வெப்பம், உப்புத்தன்மை, நீரோட்டம் குறைதல் ஆகியவற்றால் பாசி முதலில் நலிகிறது. நலிந்த பாசியில்தான் பாக்டீரியா வேலையைக் காட்டுகிறது. எனவே தெப்பத்தடியில் வெப்பநிலைப் பதிவி வைத்த ஒரு பருவத்துத் தரவாவது கையில் இல்லாமல் பெரிய தொகை கேட்பது வீண். ஒரு சாகுபடிச் சுற்று ஏறத்தாழ 45 நாள் என்பதால், நான்கு சுற்றுத் தரவை ஆறேழு மாதத்தில் சேர்த்துவிடலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றத்தின் மாணவர் திட்ட நிதியைச் சிலர் ஏளனமாகப் பார்ப்பார்கள். சில ஆயிரம் ரூபாய்தான், ஆனால் பதிவி வாங்க அது போதும், உங்கள் முதுகலை மாணவிக்கும் ஒரு ஆய்வேடு ஆகும்.

இன்னொன்று: வடகிழக்குப் பருவக்காற்றின் மாதங்களில் வடகடலில் தெப்பம் நிற்காது. கால அட்டவணையில் நவம்பரில் களப்பணி என்று எழுதிய முன்மொழிவு ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் கடலைப் பார்த்ததில்லை என்று அந்த ஒரு கட்டத்திலேயே தெரிந்துபோயிற்று.

பதில் 3: கேட்டவர்

ஐயா, தம்பி, இருவருக்கும் நன்றி. 12பி ஏற்பு உண்டு. தர்ப்பன் பதிவு இருக்கிறதா என்பது அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. நாளை தணிக்கையாளரிடம் கேட்கிறேன். முதல் முன்மொழிவை மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த அழைப்பு கடல் உயிரிகளிலிருந்து மருந்துப் பொருள் பிரிப்பதற்கானது. நான் "கடற்பாசி" என்ற சொல்லைப் பார்த்தவுடன் விண்ணப்பித்திருக்கிறேன். குருசடைத் தீவைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வெட்கமாக இருக்கிறது.

வெளிநாட்டு நிதியைப் பற்றி யாராவது சொல்ல முடியுமா? தனிநபருக்கே தரும் அமைப்புகள் இருப்பதாகத் தோழி ஒருவர் சொன்னார்.

பதில் 4: கீழக்கரைத் தணிக்கை

வணக்கம் மேடம். நான் தொண்டு நிறுவனங்களுக்கும் சில கல்லூரிகளுக்கும் கணக்குப் பார்ப்பவன். ரஃபோர்ட் அறக்கட்டளை, முகமது பின் சாயித் உயிரினப் பாதுகாப்பு நிதியம் போன்றவை வளரும் நாடுகளின் இயற்கைப் பாதுகாப்புப் பணிகளுக்குச் சிறு தொகைகள் தருவது உண்மை. பின்னதன் உச்ச வரம்பு 25,000 டாலர். ஆனால் அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களுக்கான பணம் அது. வணிகத்துக்காக வளர்க்கும் அயல்நாட்டுப் பாசிக்கு அதைக் கேட்டால் உங்கள் முதல் தோல்விதான் திரும்ப நடக்கும். நாளை நீங்கள் கடல்புல், ஆவுளியா (கடற்பசு) என்று திரும்பினால் அப்போது பாருங்கள்.

சட்டப் பக்கம் இன்னும் கடினமானது. அயல்நாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், அயல்நாட்டு நன்கொடை புதுடில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் திறந்த கணக்குக்குத்தான் முதலில் வர வேண்டும்; பதிவு பெற்ற ஓர் அமைப்பு வாங்கி இன்னோர் அமைப்புக்கு மாற்றித் தருவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. முன்பு அப்படித்தான் பல கல்லூரிகள் சமாளித்தன. உங்கள் சொந்தக் கணக்கில் வாங்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்; அரசு ஊதியம் வாங்கும் ஆசிரியருக்கு அது வேலைக்கே வினையாகும். பாசி மாதிரியை வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் பல்லுயிர்ச் சட்டமும், சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையமும் குறுக்கே வரும். இப்போதைக்கு இந்தப் பக்கத்தை மூடி வையுங்கள் என்பதே என் கருத்து.

அதைவிட வரவுசெலவுத் திட்டத்தில் கவனம் செலுத்துங்கள். இளநிலை ஆய்வாளருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப்படியும் என்பது மத்திய அரசின் விகிதம். பழைய 31,000 என்று எழுதிவிட்டால் மூன்றாம் ஆண்டில் பணம் பற்றாது. படகு வாடகையைப் "பயணம்" என்ற தலைப்பில் போடாதீர்கள். வள்ளம் வைத்திருப்பவரிடம் ரசீதுப் புத்தகம் இருக்காது, பின்னர் பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் எழுதும்போது உங்கள் நிதிப் பிரிவு உங்களைத்தான் துளைக்கும். களப்பணிச் செலவு என்று தனித் தலைப்பு கேட்டு, மகளிர் குழுவின் வங்கிக் கணக்கு வழியாகத் தெப்பக் கூலியும் படகு வாடகையும் போகும்படி முன்கூட்டியே கல்லூரி ஒப்புதலை வாங்கிவிடுங்கள். செலவாகாத பணமும் அதன் வட்டியும் அரசுக்குத் திரும்பியாக வேண்டும். வட்டியை மறந்து அடுத்த தவணை நின்றுபோன திட்டங்களைப் பார்த்திருக்கிறேன்.

பதில் 5: பழைய கோப்பு

தணிக்கையாளர் சொன்னதில் ஒன்றில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து. வெளிநாட்டுப் பக்கத்தை நீங்கள் மூடலாம். ஆனால் அந்தப் பதிவுக்கு விண்ணப்பிக்கும்படி கல்லூரி நிருவாகத்துக்கு ஒரு கடிதம் எழுதி வைப்பதில் இழப்பு ஒன்றுமில்லை. உங்களுக்கு அடுத்து வருபவருக்காவது பயன்படும்.

நாள்காட்டிப் பிழைக்கு வருகிறேன். ஒப்புதல் சான்றிதழின் வாசகம் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் சற்று மாறினாலும் சாரம் ஒன்றுதான்: இவர் எங்கள் நிரந்தரப் பணியாளர், ஆய்வக வசதி தருவோம், கணக்குக்குப் பொறுப்பேற்போம். அழைப்பு வருவதற்கு முன்பே வரைவு முன்மொழிவோடு கோப்பைத் திறந்து, கொள்கை அளவிலான ஒப்புதலை நிருவாகக் குழுவின் தீர்மானமாக வாங்கிவிடுங்கள். அழைப்பு வந்தபின் தீர்மான எண்ணைக் காட்டிக் கையெழுத்து மட்டும் கேட்டால் ஒரே நாளில் முடியும். பதினொரு நாள் கிடந்தது யாருடைய தீய எண்ணத்தாலும் இருக்காது. முன்னுதாரணம் இல்லாத தாளில் கையெழுத்திட எந்தச் செயலாளரும் தயங்கத்தான் செய்வார்.

தேடலுக்கு நாள்தோறும் ஒரு மணி நேரம் வேண்டாம். அனுசந்தான் அறக்கட்டளை, புவி அறிவியல் அமைச்சகம், உயிரித் தொழில்நுட்பத் துறை, மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் ஆகிய நான்கு தளங்களைத் திங்கட்கிழமை காலையில் மட்டும் பார்த்தால் போதும். உங்களுக்குப் பாடம் நடத்தவும் நேரம் வேண்டுமே.

வளமாவூரில் அமையும் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு 127.71 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். பூங்காவுக்கு வரவேண்டிய பாசி வெயிலில் வெளுத்துப்போனால் என்ன ஆகும் என்ற கேள்வியை உங்கள் முன்மொழிவின் தேவைப் பகுதியில் எழுதுங்கள். இதைக் கேட்பதற்கு உங்களைவிடத் தகுந்த இடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

பதில் 6: கேட்டவர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். தர்ப்பன் பதிவு இருந்திருக்கிறது. எங்கள் கல்லூரி அறக்கட்டளையின் பழைய செயலாளர் செய்துவிட்டு யாரிடமும் சொல்லவில்லை. கடற்பாசி ஆய்வு நிலையத்தில் மூத்த அறிவியலாளர் ஒருவரைச் சந்தித்தேன். ஒரு பருவத்துத் தரவோடு வந்தால் டேர் திட்டத்துக்கு வழிகாட்டியாக இருக்க இசைவதாகச் சொன்னார். மாணவர் திட்டத்துக்கு வரைவு எழுதியாகிவிட்டது. முனைக்காட்டில் இரண்டு தெப்பங்களை ஒதுக்கித் தர மகளிர் குழு ஒப்புக்கொண்டது. பதிவி கட்டிய தெப்பத்தில் பாசி குறைந்தால் யார் ஈடு செய்வது என்று அவர்கள் கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. அதை வரவுசெலவுத் திட்டத்தில் எந்தத் தலைப்பில் கேட்பது, தணிக்கையாளர் அவர்களே?

பதில் 7: கீழக்கரைத் தணிக்கை

இழப்பீடு என்று எழுதினால் வெட்டிவிடுவார்கள், மேடம். ஆய்வுக்கென ஒரு சுற்றுப் பாசியை எடையிட்டு நீங்களே விலைக்கு வாங்குவதாக நுகர்பொருள் தலைப்பில் போடுங்கள். எடைச்சீட்டில் குழுத் தலைவியின் கையெழுத்து இருக்கட்டும்.