லகூன்: களப்பா, கடனீரேரியா, காயலா?

அன்பின் நண்பர்களுக்கு,

வணக்கம். மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். மணல்திட்டாலோ பவளத்திட்டாலோ கடலிலிருந்து பிரிந்து கிடக்கும் ஆழமற்ற நீரை ஆங்கிலத்தில் லகூன் (lagoon) என்கிறார்கள். அதற்குத் தமிழ்க் கலைச்சொல் எது என்ற நம் உரையாடலில் கடனீரேரி, வாவி, காயல் என்று மூன்று சொற்கள் இதுவரை வந்திருக்கின்றன. நான்காவதாகக் களப்பைச் சொல்கிறேன். முதலிடத்தில் நிற்க வேண்டியதும் அதுதான் என்பது என் எண்ணம்.

கடனீரேரியைத்தான் நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தோம். கடல், நீர், ஏரி மூன்றும் சேர்ந்தது. புணர்ச்சியில் பிழை இல்லை. ஆனால் அக்காவின் மகள் அதை வாசிக்கும்போது "கடன்" என்று நிறுத்தி, மூச்சு வாங்கி, "நீரேரி" என்றாள். பிரித்துச் சொன்ன பிறகுதான் அதற்குள் கடல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அதைவிடப் பெரிய குறை பொருளில் இருக்கிறது. எங்கள் ஊர் வாவியின் மேல் நிற்கும் கல்லடிப் பாலத்தின் கீழே கிடப்பது ஆண்டு முழுவதும் கடல்நீர் அல்ல. மாரியில் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கத்து வெள்ளமெல்லாம் வந்து கொட்டும்போது உப்பு வெகுவாகக் குறைந்துவிடும்; கோடையில் மறுபடி ஏறும். வயல்கள் மூழ்கும் நிலை வந்தால் பாலமீன்மடுப் பக்கம் மணலை வெட்டி, வாவி கடலோடு சேரும் வாயான முகத்துவாரத்தைத் திறந்துவிடுவார்கள். கடலுக்கும் உள்நீருக்கும் நடுவே மணல்திட்டு கிடப்பதும், அது திறப்பதும் மூடுவதும்தான் இந்த நீருக்கு அடையாளம். உப்பை வைத்துப் பெயரிட்டால் பாதி ஆண்டுக்குப் பெயர் பொருந்தாது.

லகூனின் பிறப்பும் இதற்குத் துணை நிற்கிறது. லத்தீனில் லாகுஸ் என்றால் ஏரி. அதன் வழியில் வந்த லகூனா என்றால் குழி, பள்ளம், தேங்கிய நீர்; ஏட்டில் எழுத்து விடுபட்ட இடத்துக்கும் அதே சொல்தான். வெனிஸைச் சூழ்ந்த ஆழமற்ற நீருக்கு இத்தாலியர் அதிலிருந்தே லகூனா என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலம் அதை எடுத்துக்கொண்டு, பின்னாளில் பவளத்தீவுகளின் நடுவே கிடக்கும் நீருக்கும் நீட்டியது. ஸ்பானிய மொழியிலோ கடலையே காணாத உள்நாட்டுச் சிற்றேரியும் லகூனாதான். மூலச்சொல்லில் கடலும் இல்லை, உப்பும் இல்லை. நாம் மட்டும் ஏன் கடலை உள்ளே வைத்துக் கட்ட வேண்டும்?

வாவி மீது எனக்கும் பாசம் உண்டு. மட்டக்களப்பு வாவி என்றுதான் இங்கே எல்லோரும் எழுதுகிறோம். ஆனால் வடமொழி வாபீ குளத்தையும் கிணற்றையும் குறிப்பது. அதே வேரிலிருந்து வந்த சிங்கள வெவ, நீர்ப்பாசனக் குளம். தனிப்பெயரில் வாவி அப்படியே இருக்கட்டும், கலைச்சொல்லாக வேண்டாம்.

சரி, களப்பு இங்கே பேச்சில் உண்டா? சந்தையில் "ஆத்து இறாலா, கடல் இறாலா?" என்றுதான் கேட்போம். வாவியை ஆறு என்பது எங்கள் பேச்சு. அதைக் கலைச்சொல்லாக வைக்க முடியாது. ஆனால் களப்பு ஊர்ப்பெயரிலேயே உட்கார்ந்திருக்கிறது. அம்பாறையில் பெரியகளப்பு, மேற்குக் கரையில் புத்தளம் களப்பு. சிங்களத்தில் களபுவ என்றால் நேரே லகூன்தான். மட்டக்களப்பின் முதற்பாதியை மட்டம் என்று தமிழில் விளக்குவோம். சிங்களத்தில் மட என்றால் சேறு என்பார்கள். முதற்பாதிக்குத்தான் இந்த வழக்கெல்லாம். பின்பாதியின் பொருளில் இரண்டு மொழியும் ஒன்றாக நிற்கின்றன. ஒரே தீவில் இரு மொழி பேசுகிறவர்களும் ஒரே நீரைக் காட்டி ஒரே சொல்லைச் சொல்லும்போது அதை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைக் கட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

காயல் நல்ல சொல். வேம்பநாட்டுக் காயலும் காயல்பட்டினமும் அதை உயிரோடு வைத்திருக்கின்றன. இலங்கையில் அது புத்தகம் வழியாகத்தான் தெரியும். அதனால் இணைச்சொல்லாகப் பக்கத்தில் வைக்கலாம்.

ஆகவே கடலோரத்தில் இருப்பதற்குக் கரையோரக் களப்பு, பவளத்தீவின் நடுவில் இருப்பதற்குப் பவளக் களப்பு, வாய்க்கு முகத்துவாரம் என்று எழுதலாம். கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தோண்டும் பள்ளத்தையும் ஆங்கிலத்தில் லகூன் என்கிறார்கள். அதற்குக் களப்பு கூடாது, கழிவுநீர்க் குட்டை போதும்.

தமிழ்நாட்டு நண்பர்களிடம் ஒரு கேள்வி. பழவேற்காட்டை வரைபடங்கள் ஏரி என்கின்றன. அங்கே வலை போடுகிறவர்கள் அந்த நீரை என்ன சொல்லி அழைக்கிறார்கள்? யாராவது போய்க் கேட்டு எழுதினால், இணைச்சொல் வரிசையில் அதையும் சேர்த்துவிடலாம்.

அன்புடன்.