புதுப்பிப்பு: கடல் சுழலுக்குள் துகள்கள் ஏன் நிற்கவில்லை

இலங்கைக்குக் கிழக்கே, செயற்கைக்கோள் கடல்மட்டப் படத்தில் மூடிய வளையமாகத் தெரிந்த சுழலுக்குள் கணினியில் விட்ட கற்பனைத் துகள்கள் ஏன் வெளியே ஓடுகின்றன என்று போன மாதம் கேட்டிருந்தேன். பிழை நிரலில் இல்லை. வளையம் அன்றைய ஒருநாள் படம். நீர் உள்ளேயே தங்குமா என்று அது சொல்லாது.

தலவாக்கலையில் ஆற்றோரம் நின்றபோதுதான் உறைத்தது. பாறைக்குப் பின்னால் சுழி அழகாகச் சுற்றியது. அதில் விழுந்த தேயிலைக் கொழுந்து இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, ஓரத்தில் நீண்டு இழுபட்ட நுரையோடு போய்விட்டது.

அப்புறம், நீரோட்ட ஆய்வாளர் ஹாலர் குழுவினர் 2016இல் சொன்ன, ஒருநாள் படத்தை விட்டுத் துகளின் பாதையைப் பின்தொடரும் முறைக்கு மாறினேன்: ஒவ்வொரு துகளும் போகும் பாதை நெடுக, அங்குள்ள நீரின் சுழற்சி சுற்றுப்பகுதியின் சராசரிச் சுழற்சியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று 30 நாள் கூட்டினேன். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும் அந்தச் சுழலில், அதாவது 'இலங்கைக் குவிமாட'த்தில், சிறிய கரு மட்டும் கலையாமல் நின்றது. இழை இழையாகப் பிரிந்ததெல்லாம் என் பழைய வளையத்துக்குள் இருந்த நீர்தான்.