புதுப்பிப்பு: பீன்யா தொழிற்சாலையில் கொள்முதல் அதிகாரம்

பெங்களூரு பீன்யாவில் வளர்ந்துவரும் எங்கள் உதிரிபாகத் தொழிற்சாலையில் கொள்முதல் முடிவுகளைப் பிரிவுத் தலைவர்களிடம் விடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். தொகை வரம்பு வகுத்து ஒப்படைத்துவிட்டோம். சிறு, குறு நிறுவனங்களிடம் வாங்கும் சரக்குக்கு, ஒப்பந்தம் எப்படி இருந்தாலும், அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம். தவறினால், பணம் கொடுத்த நிதியாண்டில்தான் அந்தச் செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்க முடியும். ஆகவே ஒருவர் கையொப்பத்துக்காக பில்கள் தேங்குவது நிறுவனத்தையே பாதிக்கும். இப்போது அவை பிரிவிலேயே சரிபார்க்கப்பட்டு நேரே கணக்குத் துறைக்குச் செல்கின்றன. வெளியிலிருந்து பொது மேலாளரை அமர்த்தச் சொன்ன நண்பர்களுக்கு நன்றி. ஆனால் எந்திரங்களோடு பழகிய எங்கள் மேற்பார்வையாளர்களின் தீர்ப்பையே நான் பெரிதும் மதிக்கிறேன். புதிய எந்திரம் வாங்கும் முடிவு மட்டும் இன்னும் என்னிடம் உள்ளது.