கொழும்பில் கூட்டமில்லாமல் ஓவியம் பார்க்க எங்கே போகலாம்?

தெமட்டகொடை போர்டிங்:
ஹட்டனிலிருந்து கொழும்புக்கு வேலைக்கு வந்து எட்டு மாசம் ஆகுது. கட்டட பிளான் கீறுற வேலை. நாள் முழுக்க கம்ப்யூட்டரில் நேர்கோடுதான். ஸ்கூல் காலத்தில் நல்லா படம் வரைவேன், இப்ப பென்சில் தொட்டே பல வருசம். போன சனிக்கிழமை தேசிய நூதனசாலைக்குப் போனேன். நான் போன நேரம் பார்த்து ஸ்கூல் பிள்ளைகள் அஞ்சு பஸ்ஸில் வந்து இறங்கிட்டாங்க. ஒரு சிலைக்கு முன்னால ஒரு நிமிசம் நிக்க முடியல. அமைதியா நின்னு ஓவியம் பார்க்கிற மாதிரி, பெரிசா செலவில்லாத இடம் ஏதும் இருந்தா சொல்லுங்க. சிங்களம் பேசுவேன், இங்கிலீஷ் அரைகுறை.

ஃபிரேம் கடைக்காரன், கொட்டாஞ்சேனை:
தம்பி, நான் 31 வருசமாக ஃபிரேம் அடிக்கிறன். எந்தப் படத்துக்கு முன்னால போய் நின்றாலும் முதலில் ஃபிரேமின் மூலைவெட்டு ஒழுங்காகச் சேர்ந்திருக்கோ என்றுதான் கண் போகும். இது தொழில் வியாதி. அதைக் கழிச்சுப்போட்டு வாசியுங்கோ.

உங்களுக்கு முதலிடம் சப்புமல். கொழும்பு 7, பார்ன்ஸ் பிளேஸ், 32/4. சப்புமல் என்றால் சண்பகப்பூ. அது ஓவியர் ஹரி பீரிஸ் (1904–1988) குடியிருந்த வீடு. பாரிஸிலும் இருந்தவர், சாந்திநிகேதனில் படிப்பிச்சவர், ஆட்களின் உருவப்படம் வரையிறதில் கெட்டிக்காரன். 43 குழுவின் செயலாளரும் அவர்தான். 1943இல் புகைப்படக்காரர் லயனல் வென்ட் வீட்டில் கூடித் தொடங்கின ஓவியர் கூட்டம் அது. ஜோர்ஜ் கீற், ஜஸ்டின் தெரணியகல, ஐவன் பீரிஸ், மஞ்சுசிறி, ரிச்சர்ட் கேப்ரியல், கார்ட்டூன் போட்ட ஒப்ரி கொலெட் எல்லாரும் அதில் இருந்தவை. வெள்ளைக்காரன் காட்டித் தந்த மாதிரி அச்சொட்டாக வரையிறதுதான் ஓவியம் என்று இங்கே இருந்த நினைப்பை உடைச்ச ஆட்கள். (வென்ட்டுக்கு ஒரு சிநேகிதர் 1929இல் வெள்ளவத்தைக் கடற்கரையோரம் இருந்தவர், சிலி நாட்டுக் கொன்சல், பெரிய கவிஞர், பெயர் பாப்லோ நெருடா. எங்கட வெள்ளவத்தைச் சனத்துக்குச் சொன்னால் நம்பாது.)

அது மியூசியம் மாதிரி இருக்காது. தாழ்ந்த ஓட்டு வீடு, அறைக்குள்ளால் அறை, சுவர் முழுக்கப் படம். தெரணியகலயின் படத்துக்குப் பக்கத்தில் சரிவாக நின்று பாருங்கோ. பெயின்ட் மேடும் பள்ளமுமாக இருக்கும், பிரஷ் எந்தப் பக்கத்தாலே இழுபட்டது என்று விரலால் தொடாமலே தெரியும். கீற்றைத்தான் எல்லாரும் சொல்லுவினம். எனக்கு ஐவன் பீரிஸ். மனுசன் இங்கிலாந்தில் போயிருந்துகொண்டு எங்கட கடற்கரையை வரைஞ்சவர். படத்தில் ஆட்கள் சும்மா நிற்பினம், ஒன்றும் நடக்காது, ஆனால் விட்டுட்டு வர மனம் வராது.

உள்ளே வெளிச்சம் குறைவு என்று சிலர் முறைப்படுவினம். அது படத்துக்கு நல்லது. ஒருக்கா ஒரு கந்தோருக்கு நல்ல வாட்டர்கலர் ஒன்றுக்கு மவுண்ட் வைச்சு ஃபிரேம் போட்டுக் குடுத்தனான். ஜன்னலுக்கு நேரே மாட்ட வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னனான். அங்கேயேதான் மாட்டினவை. இரண்டு வருசத்தில் நீலம் முழுக்கப் போய் வானம் பழஞ்சோற்று நிறத்தில் நின்றது. பிறகு என்னட்டைக் கொண்டுவந்து "கண்ணாடி சரியில்லை" என்கினம்.

சப்புமல் கிழமை முழுக்கத் திறக்காது, திறக்கிற நாளிலும் நேரம் கொஞ்சம்தான். போன் பண்ணிக் கேட்டுப்போட்டுப் போங்கோ.

இரண்டாவது, பொரளை கோத்தமி விகாரை. தெமட்டகொடையிலிருந்து பேஸ்லைன் வீதியால் நடந்தே போயிடலாம். 1939, 40இல் ஜோர்ஜ் கீற் புத்தரின் சரித்திரத்தைச் சுவரில் வரைஞ்சு வைச்சிருக்கிறார். பெரிய பெரிய உருவங்கள், எல்லாம் கோட்டிலேயே நிற்குது. மாரனின் மகள்மார் புத்தரை மயக்க வாற இடத்தில் கையும் இடுப்பும் ஒரே வளைவில் போகும். நீங்கள் நேர்கோடு கீறுற ஆள், அந்தக் கோட்டைக் கட்டாயம் பார்க்க வேணும். ஃபிரேம் இல்லை என்பதால் எனக்கும் நிம்மதி.

வெள்ளவத்தை அம்மா:
அண்ணை சொன்ன விகாரைக்குப் போறதென்றால் முழங்காலும் தோளும் மூடின உடுப்பு, செருப்பு வாசலில். பூசை நேரத்தில் சுவரைப் பார்த்துக்கொண்டு நடுவில் நிற்காதேங்கோ, கும்பிட வாற ஆட்களுக்கு இடைஞ்சல்.

நான் சொல்லுறது 2019இல் தொடங்கின நவீன, சமகாலக் கலை அருங்காட்சியகம். இப்ப கொள்ளுப்பிட்டி கிரெஸ்கட் ஷொப்பிங் மோலுக்குள்ளே இருக்குது. 100ஆம் நம்பர் பஸ் எடுத்து காலி வீதியில் இறங்கினால் சரி. காசில்லை. விளக்கம் எல்லாம் தமிழிலும் இருக்குது, மூலையில் பொடி எழுத்தில் இல்லை, மற்ற இரண்டு மொழியோடும் சரிசமனாக. என்ர ஒன்பது வயதுப் பெடியன் தமிழில் உரத்து வாசிச்சுக்கொண்டே போனான். உங்களுக்கும் இங்கிலீஷ் தேவைப்படாது. ஆனால் ஓவியம் மட்டும் என்று நினைச்சுப் போகாதேங்கோ, வீடியோ, போட்டோ எல்லாம் கலந்திருக்கும். ஒரு கண்காட்சி முடிஞ்சு அடுத்தது தொடங்க இடைவெளி விடுவினம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கோ.

கம்பஸ் 3ஆம் வருடம்:
நூதனசாலையை அதுக்குள்ள கைவிடாதீங்க அண்ணா. ஒருநாள் லீவு போட்டு, திறந்த உடனே போங்க. பொலன்னறுவைச் சிவன் கோயில் வெண்கலங்களில் சுந்தரர் இருக்கார், அந்த முகத்துக்காகவே போகலாம். மும்மொழிக் கல்லையும் முக்காவாசிப் பேர் கவனிக்காம தாண்டிப் போறாங்க. 1409 தேதியிட்டு சீனத் தளபதி செங் ஹே வைச்சது, 1911இல் காலியில் கிடைச்சது. சீனத்தில் புத்தருக்கு, பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கு, தமிழில் தெனாவரை நாயனாருக்கு (விஷ்ணுவுக்கு) காணிக்கை. ஒரே கல், மூணு பேருக்கும் மரியாதை!

அப்புறம் 33ஆம் லேனில் கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவாவின் வீடு, நம்பர் 11. நாலு சின்ன வீட்டை ஒண்ணாக்கிக் கட்டினது, உள்ளே செட்டிநாட்டுத் தூண் எல்லாம் நிக்குது. பிளான் கீறுற உங்களுக்குன்னே சொல்றேன். முன்கூட்டியே பதியணும், டிக்கெட் கொஞ்சம் கூட.

ஃபிரேம் கடைக்காரன், கொட்டாஞ்சேனை:
நம்பர் 11 நல்ல யோசனை. ஆனால் அங்கே ஆள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவினம், நினைச்ச இடத்தில் நினைச்ச நேரம் நிற்க முடியாது. சம்பளம் வந்த பிறகு போங்கோ.

தெமட்டகொடை போர்டிங்:
எல்லாருக்கும் நன்றி. சப்புமல் அடுத்த கிழமைக்கு வச்சிருக்கேன். நேத்து கோத்தமி விகாரைக்குப் போனேன். மழை, உள்ளே பூ கொண்டுவந்த ஒரு ஆச்சியைத் தவிர யாரும் இல்ல. அண்ணா சொன்ன அந்தக் கையைத்தான் ரொம்ப நேரம் பார்த்தேன். தோளிலிருந்து விரல் வரைக்கும் எங்கேயும் தயங்காம போகுது. வெளியே படியில் குந்திக்கிட்டு பில் பின்பக்கத்தில் அதை வரைஞ்சு பார்த்தேன். மூணு தரமும் முழங்கையில் கோடு உடைஞ்சிருச்சு. ஆச்சி எட்டிப் பார்த்துட்டு "கை நீளம் கூடிப்போச்சு"ன்னு சிங்களத்தில் சொல்லிட்டுப் போனாங்க. உள்ளே போய்த் திரும்பப் பார்த்தா, அவங்க சொன்னது சரி.