பொம்பேயி வீட்டு வாசல் மாடல்: கதவு பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. இத்தாலியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த பழைய ரோமானிய நகரமான பொம்பேயியில் ‘சோகக் கவிஞர் வீடு’ என்று அழைக்கப்படும் வீட்டின் முன்பகுதியை அட்டையில் மாடலாகச் செய்கிறேன். தெருவைப் பார்த்து இரண்டு கடைகள், நடுவே ஒடுங்கிய ரேழி, அதைத் தாண்டினால் நடுவே கூரை திறந்த முற்றக் கூடமான ஏட்ரியம். ரேழித் தரையில்தான் அந்தப் பிரபலமான சங்கிலி நாய் மொசைக் (சிறு துண்டுகள் பதித்த படம்), ‘நாய் ஜாக்கிரதை’ என்ற லத்தீன் எழுத்துகளோடு.

ரேழியின் அகலம் பிரச்சினை இல்லை. சிறிய ஏட்ரியம் என்றால் உள்ளே இருக்கும் டாப்லினம் என்ற வரவேற்பு அறையின் அகலத்தில் 3இல் 2 பங்கு ரேழிக்கு என்று பழைய ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதியிருக்கிறார். (பொம்பேயி கொத்தனார்கள் அவரைக் கேட்டா கட்டினார்கள் என்பது வேறு விஷயம்!)

சிக்கல் கதவில்தான். கி.பி. 79 எரிமலைச் சாம்பலில் மரம் மக்கிப்போனாலும், பதிந்த அச்சில் பிளாஸ்டர் ஊற்றிச் சில வீட்டுக் கதவுகளின் வடிவத்தை எடுத்திருக்கிறார்கள். கீலுக்குப் பதில் குடுமி, அதாவது கதவு முனையில் நீட்டிய முளை, குழியில் சுழலும். சரி, இந்த வீட்டில் குடுமிக்குழிகள் நாய்க்கு முன்னால் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன? உள்ளிருந்து கதவுக்கு முட்டுக் கொடுக்கத் தரையில் குழி உண்டா? நிலையின் உயரமும் வேண்டும்.

நேரில் போனவர்கள் வாசற்படியைக் கிட்டத்தில் எடுத்த படம் இருந்தால் போடுங்கள். அளவுகளோடு வரைபடம் கிடைத்தால் இன்னும் நல்லது, இத்தாலிய மொழியில் இருந்தாலும் பரவாயில்லை.