பெரியப்பாவின் புது லெப்டொப்: நம்ம குடும்பம் வட்ஸ்அப் குழு

சனிக்கிழமை, காலை 9:40

செல்வம் பெரியப்பா: எல்லாருக்கும் காலை வணக்கம். தினேஷ் அனுப்பின லெப்டொப் நேத்து வந்து சேந்திச்சி. சாமான் நல்ல சாமான். ஆனா உள்ள இருக்கிற விண்டோஸ் 11 எனக்குச் சரிவராது. எடுத்துட்டு 10 போடணும். யாருக்கு ஏலும்?

சுமதி பெரியம்மா: வந்த மறுநாளே ஆரம்பிச்சிட்டாரு 🙏

பிரகாஷ்: பெரியப்பா 7ம் இருக்கு, எக்ஸ்பீயும் இருக்கு. எது கட்டித் தர? 😂

கவிதா: பிரகாஷ் நீ படிக்கிற வேலையப் பாரு. பெரியப்பா, என்னென்ன சரிவரல்லன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம.

செல்வம் பெரியப்பா: ஸ்டார்ட் பட்டன் நடுவுல போய் நிக்கிது. ரைட் கிளிக் பண்ணினா கொப்பி, பேஸ்ட் காணோம், மேல சின்னச் சின்னப் படம் மட்டும் வருது. கடை பிரின்டர எடுக்க மாட்டேங்குது. எல்லாத்துக்கும் மேல கடன் கணக்குப் புரோகிராம் தொறக்கவே இல்ல. பழைய கொம்பியூட்டர்ல இருந்தது 10. அதுல நாலும் ஒழுங்கா ஓடிச்சி. அதனாலதான் 10 கேக்குறேன்.

கவிதா: முதல் ரெண்டுக்கும் விண்டோஸ மாத்தத் தேவையே இல்ல. செட்டிங்ஸ்ல பேர்சனலைசேஷன், அதுல டாஸ்க்பார், கீழ அலைன்மென்ட்ல ‘லெஃப்ட்’ குடுங்க. ஸ்டார்ட் பட்டன் பழைய மூலைக்கு வந்துரும். ரைட் கிளிக் பண்ணும்போது ஷிஃப்ட் கீய அமுக்கிக்கிட்டுப் பண்ணுங்க, பழைய பெரிய பட்டியல் வரும். அந்தச் சின்னப் படம்தான் கட், கொப்பி, பேஸ்ட்.

பிரகாஷ்: செட்டிங்ஸ்ல ‘கோ பேக்’னு ஒண்ணு இருக்கே, அத அமுக்கினா 10 வராதா?

கவிதா: அது 10ல இருந்து 11க்கு மாத்தின மெஷினுக்கு. அதுவும் 10 நாளைக்குள்ள. இது வரும்போதே 11ஓட வந்தது, திரும்பிப் போக இடம் இல்ல. போடறதுன்னா முழுசா அழிச்சிட்டுத்தான் போடணும்.

ராஜன் மாமா: மச்சான், பிள்ளைகள்ட்ட கேட்டுக்கிட்டு இருந்தா பொழுது போயிரும். ஹட்டன்ல எனக்குத் தெரிஞ்ச பையன் ஒருத்தன் இருக்கான். 10 போட்டு, ஒஃபிஸும் போட்டு, கையோட தருவான். சல்லியும் அதிகமா எடுக்க மாட்டான். நான் இன்னைக்கு டவுனுக்குப் போறேன், குடுத்து விடுங்க.

கவிதா: மாமா பொறுங்க. விண்டோஸ் 10 வந்தது 2015ல. மைக்ரோசொஃப்ட் அதுக்கு அப்டேட் குடுக்கிறத 2025 ஒக்டோபர் 14ஓட நிப்பாட்டிட்டாங்க. தனியாப் பதிஞ்சா 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். அதோட சரி. பெரியப்பா கடையில ஐடென்டிட்டி கார்ட், பேங்க் புக், ஈபிஎஃப் பேப்பர்னு தோட்டத்துச் சனம் கொண்டாந்து ஸ்கேன் பண்ணுது. அந்த மெஷின்ல ஓட்டைய அடைக்க ஆள் இல்லாத விண்டோஸ போடறதா?

கவிதா: லைசன்ஸ் பிரச்சினையும் இருக்கு. 11 ப்ரோவோட வந்த மெஷின்னா 10 ப்ரோவுக்கு இறங்க உரிமை குடுத்திருக்காங்க. ஹோமுக்கு அது இல்ல. அண்ணா அனுப்பினது ஹோம். அந்தப் பையன் என்னத்தப் போட்டுத் தருவான்னு உங்களுக்கே தெரியும்.

ராஜன் மாமா: ஊரே அப்பிடித்தான் பாவிக்குது பிள்ள

செல்வம் பெரியப்பா: ஸ்டார்ட் பட்டன் மூலைக்கு வந்திருச்சி. சந்தோசம். ஆனா கணக்குப் புரோகிராம் இல்லாம எனக்குக் கடை நடத்த ஏலாது மா. மாமாட்ட குடுத்து விடுறேன்.

கவிதா: பெரியப்பா நான் டியூட்டிக்குப் போய்ட்டு வந்து பேசுறேன், அதுவரைக்கும் குடுக்காதீங்க

பகல் 2:15

ராஜன் மாமா: [படம்]

ராஜன் மாமா: இது என்னான்னு பாருங்க. இப்பிடி நீலமா நிக்கிது. நம்பர் கேக்குது.

பிரகாஷ்: குடுத்துட்டாரு 🤦

கவிதா: யாரும் ஒண்ணும் அமுக்காதீங்க!! மாமா, அந்தப் பையன் என்னென்ன செஞ்சான்? வரிசையா கேட்டுச் சொல்லுங்க.

ராஜன் மாமா: விண்டோஸ் வர்றதுக்கு முன்னால பயோஸ்னு ஒரு செட்டிங் பக்கம் இருக்காம், அதுக்குள்ள போய் செக்யூர் பூட்னு ஒரு காவல ஓஃப் பண்ணினானாம். அவன் பென்ட்ரைவ் அப்பதான் எடுக்குமாம். பிறகு 10 ஏறத் தொடங்கிச்சி. ஆனா எந்த டிரைவுல போடணும்னு கேக்கிற இடத்துல லிஸ்டு வெறுமையா இருந்திச்சி. ஹார்ட் டிஸ்க் அடிபட்டிருக்கு, புதுசு போடணும்னு சொல்றான்.

தினேஷ் (கட்டார்): என்னது ஹார்ட் டிஸ்க் அடிபட்டிச்சா??? பெட்டி பிரிச்சு நானே ஓன் பண்ணிப் பாத்துத்தான் அனுப்பினேன்

கவிதா: ஒண்ணும் அடிபடல்ல அண்ணா. டிஸ்க் காணாமப் போனதுதான் நம்ம அதிர்ஷ்டம், இல்லாட்டி இந்நேரம் அழிச்சிருப்பான். 11ஆம் தலைமுறை இன்டெல்ல இருந்து நிறைய லெப்டொப்ல டிஸ்க்கு முன்னால விஎம்டின்னு ஒரு கண்ட்ரோலர் நிக்கிது. 10ஓட செட்டப்புக்கு அதத் தெரியாது. அத அறிமுகப்படுத்துற இன்டெல் டிரைவர வேற பென்ட்ரைவுல வச்சு ‘லோட் டிரைவர்’ குடுத்தாத்தான் டிஸ்க் கண்ணுல படும். நல்ல டிஸ்க்க மாத்த சல்லி குடுத்துராதீங்க மாமா.

ராஜன் மாமா: அப்ப இந்த நீலம்?

கவிதா: அது பிட்லொக்கர், விண்டோஸோட டிஸ்க் பூட்டு. மைக்ரோசொஃப்ட் அக்கவுண்ட்ல நுழைஞ்ச உடனேயே புது மெஷின் டிஸ்க்க தானாப் பூட்டிரும், ஹோம்லயும்தான். செக்யூர் பூட்ட ஓஃப் பண்ணினதும் ‘யாரோ கை வச்சிட்டான்’னு அதுக்குச் சந்தேகம். சாவி கேக்குது. 48 இலக்கம்.

சுமதி பெரியம்மா: ஐயோ முருகா, 48 நம்பருக்கு நாங்க எங்க போறது

கவிதா: பெரியம்மா பதறாதீங்க. மாமா, பையன்ட்ட சொல்லி பயோஸுக்குத் திரும்பப் போய் செக்யூர் பூட்ட ஓன் பண்ணி சேவ் பண்ணச் சொல்லுங்க. டிபிஎம்னு அந்தப் பூட்டுக்குக் காவல் நிக்கிற சிப் ஒண்ணு இருக்கும், அதுல ‘கிளியர்’ மட்டும் குடுக்கவே கூடாது. பென்ட்ரைவ கழட்டச் சொல்லுங்க.

கவிதா: அண்ணா, அதுவும் சரிவராட்டி நீங்க சாவி எடுக்கணும். உங்க அக்கவுண்ட்லதானே முதல்ல ஓன் பண்ணினீங்க? அதுக்குள்ள போய் டிவைஸ் பக்கத்துல ரிகவரி கீ இருக்கும். மாமா அனுப்பின படத்துல கீ ஐடி தெரியுது, அதோட முதல் 8 எழுத்தும் பொருந்துதான்னு பாருங்க. கிடைச்சா குரூப்ல போடாதீங்க. எனக்குத் தனியா.

தினேஷ் (கட்டார்): இங்க பகல் சாப்பாட்டு நேரம்தான். பாக்குறேன்.

பகல் 2:50

ராஜன் மாமா: ஓன் பண்ணினோம். வட்டம் சுத்துது... வந்திருச்சி! தினேஷ் பேரு போட்டு வருது.

சுமதி பெரியம்மா: 🙏🙏🙏

கவிதா: அப்பாடா. மாமா, இன்னொண்ணு. மைக்ரோசொஃப்ட்டோட ஒரிஜினல் விண்டோஸ் இன்ஸ்டோல் ஃபைலா இருந்தா செக்யூர் பூட் ஓன்ல இருக்கும்போதே பென்ட்ரைவ் பூட் ஆகும். ஓஃப் பண்ணத்தான் வேணும்னு ஒருத்தன் சொன்னா, அந்தப் பென்ட்ரைவுல இருக்கிறது யாரோ வெட்டி ஒட்டின விண்டோஸா இருக்கலாம். கொண்டுபோய்ப் பெரியப்பாட்ட குடுங்க.

ராஜன் மாமா: சரி சரி. பஸ்ஸுக்கு நிக்கிறேன். இங்க மழை கொட்டுது. லெப்டொப்ப சேர்ட்டுக்குள்ள வச்சிருக்கேன்.

தினேஷ் (கட்டார்): கவி, சாவி கிடைச்சது. ஐடியும் பொருந்துது. தனியா அனுப்பிருக்கேன்.

கவிதா: பெரியப்பாவுக்கு நான் சொல்றேன், அவர் கொப்பியில எழுதி அலுமாரியில வைக்கட்டும். 6 இலக்கமா 8 கட்டு. ஒவ்வொரு கட்டும் 11ஆல வகுபடும். எழுதினது பிழையான்னு பாக்க அது உதவும்.

பிரகாஷ்: பெரியப்பாவுக்கு ஏலெவல் மெத்ஸ் பேப்பரே வந்திருச்சி

இரவு 8:05

கவிதா: பெரியப்பா, இப்ப கணக்குப் புரோகிராம் கதைய எடுப்போம். பழைய கொம்பியூட்டர் இன்னும் ஓன் ஆகுதா? செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட். அதுல வர்றதப் படம் எடுத்துப் போடுங்க.

செல்வம் பெரியப்பா: [படம்]

கவிதா: நினைச்சேன். ‘32-பிட் ஒப்பரேட்டிங் சிஸ்டம்’. பழைய வகை விண்டோஸ் அது, இப்ப வர்றது 64-பிட். ரேம் 4 ஜிபி. புதுசுல திறக்கும்போது ‘இந்த அப் உங்க பீசீல ஓடாது’ன்னு ஒரு வரி வந்திச்சா?

செல்வம் பெரியப்பா: அதேதான் வந்திச்சி. இங்கிலீஸ்ல.

கவிதா: உங்க கணக்குப் புரோகிராம், விண்டோஸுக்கு முந்தின டொஸ் காலத்துல, ஃபொக்ஸ்ப்ரோன்னு ஒரு மென்பொருள்ல எழுதினது. டொஸ் புரோகிராமுக்கு 32-பிட் விண்டோஸ்லதான் இடம் இருந்திச்சி. 64-பிட் விண்டோஸ் எதுலயும் அது ஓடாது, 10னாலும் சரி, 11னாலும் சரி. 11ல 32-பிட் பதிப்பே இல்ல. அந்தப் பையன் போடப் போனது 64-பிட் 10. போட்டு முடிச்சிருந்தாலும் இதே வரிதான் வந்திருக்கும்.

செல்வம் பெரியப்பா: அப்ப 32-பிட் 10 போடேலாதா?

கவிதா: இந்த மாதிரிப் புது மெஷின்ல பழைய பயோஸ் முறை பெரும்பாலும் இருக்காது, 32-பிட் பூட்டே ஆகாது. ஆகினாலும் 16 ஜிபி ரேம்ல 4க்கு மேல தொடாது. அண்ணா சும்மா சல்லி குடுத்த மாதிரி ஆகிரும். 10 போட்டா ப்ரொசசரையும் முழுசாப் பிரயோசனப்படுத்தேலாது. இந்த ஐ5 ப்ரொசசர்ல வேலை செய்ற பகுதி, கோர்னு சொல்றது, பெருசு 2, சின்னது 8. எந்த வேலைய எதுக்குக் குடுக்கிறதுன்னு சிப் சொல்றத 11தான் ஒழுங்காக் கேக்கும்.

தினேஷ் (கட்டார்): அப்பா இப்ப விளங்கிச்சா

செல்வம் பெரியப்பா: ப்ரொசசர் கிடக்கட்டும். என்ட கணக்கு?

கவிதா: டொஸ்பொக்ஸ். இலவசம். 11க்குள்ள ஒரு டொஸ் கொம்பியூட்டர் மாதிரி நிக்கும். நாளைக்கு லெப்டொப்புக்கு போன்ல இருந்து டேட்டா குடுங்க, தூரத்துல இருந்தே உங்க திரையப் பாத்து வேலை செய்யிற குயிக் அசிஸ்ட் வழியா நான் இங்க இருந்தே செஞ்சு தாறேன். ஆனா அதுக்கு முன்னால பழைய கொம்பியூட்டர்ல அந்த ஃபோல்டர அப்பிடியே பென்ட்ரைவுக்கு ஒரு கொப்பி எடுங்க. அந்த டிஸ்க் சத்தம் போடுதுன்னு பெரியம்மா போன மாசமே சொன்னாங்க.

சுமதி பெரியம்மா: டிக் டிக்னு ராவுல பல்லி மாதிரி கத்துது

ஞாயிற்றுக்கிழமை, காலை 11:20

செல்வம் பெரியப்பா: வந்திருச்சி!!! அதே நீலத் திரை, அதே மஞ்ச எழுத்து. எஃப்2 அமுக்கினா புதுப் பேரு, எஃப்10 அமுக்கினா சேவ். ஒண்ணும் மாறல்ல. டபுள் கிளிக் பண்ணினா நேரா வருது.

பிரகாஷ்: இந்த நீலம் நல்ல நீலம்

கவிதா: பிரின்டருக்கும் வழி கிடைச்சது. சீடீல இருந்தது 32-பிட் டிரைவர், அதான் ஏறல்ல. கம்பெனிப் பக்கத்துல 10க்குன்னு இருந்த 64-பிட் டிரைவர எடுத்துப் போட்டேன், 11லயும் ஏறிச்சி.

கவிதா: கணக்கு ஃபைல் எல்லாம் டிபிஎஃப், ஃபொக்ஸ்ப்ரோவோட ஃபைல் வகை. எக்செல் மாதிரி இலவசமா கிடைக்கிற லிப்ரே ஒஃபிஸ் கல்க்ல நேரா திறக்குது. கொப்பியத் திறந்து தொகைய வச்சு வரிசைப்படுத்திப் பாத்தேன், எல்லாப் பேரும் வருது. டொஸ் ஒருநாள் கைவிட்டாலும் கணக்கு போகாது.

சுமதி பெரியம்மா: மேல இருக்கிற பேரு யாரு

கவிதா: அது கடை ரகசியம் பெரியம்மா 😬

ராஜன் மாமா: மச்சான் வர்ற மாசம் தீத்துருறேன்

பிரகாஷ்: 😂😂😂

செல்வம் பெரியப்பா: கவிதா, ஒரு குறை. கணக்குல ‘பிரின்ட்’ குடுத்தா பேப்பர் வரல்ல. கடன்காரங்களுக்குத் துண்டு குடுக்கணுமே.

கவிதா: சாதாரண டொஸ்பொக்ஸுக்கு பிரின்டர் தெரியாது. டொஸ்பொக்ஸ்-எக்ஸ்னு இன்னொண்ணு இருக்கு, அதுல பிரின்ட் வசதி இருக்கு. செட்டிங் கொஞ்சம் நோண்டணும், தூரத்துல இருந்து சரிவராது. வர்ற ஞாயிறு கண்டியில இருந்து முதல் பஸ்ல வாறேன். அதுவரைக்கும் கல்க்ல இருந்து பிரின்ட் எடுங்க. ஆனா அதுல எதையும் மாத்தி சேவ் பண்ணாதீங்க.

செல்வம் பெரியப்பா: சரி மா. மத்தது அப்பிடியே 11லயே கிடக்கட்டும்.