சரவணம்பட்டி ஃபிளாட்டா, ஒண்டிப்புதூர் லைன் வீடா? வாடகைக் கணக்கில் உதவி தேவை

கேட்டவர்:
வணக்கம். வாடகை வருமானத்துக்காகக் கோவையில் வீடு வாங்கப் பார்க்கிறேன். தோதாக இரண்டு வந்திருக்கின்றன. ஒன்று சரவணம்பட்டியில் 980 சதுர அடி பழைய ஃபிளாட்: விலை 48 லட்சம், வாடகை 18,000. மற்றொன்று ஒண்டிப்புதூரில் மூன்று சென்ட்டில் நான்கு லைன் வீடுகள் (வரிசையாக ஒட்டிக் கட்டிய சிறு வீடுகள்): விலை 62 லட்சம், நான்குக்கும் சேர்த்து வாடகை 27,000.

ஆண்டு வாடகையை விலையால் வகுத்தால் ஃபிளாட்டுக்கு 4.5 சதவீதம், லைன் வீட்டுக்கு 5.2 சதவீதம் என்று எனக்குக் கணக்கு வருகிறது. எதை வாங்கினாலும் 30 லட்சம் கடன் வாங்க வேண்டும். 8.75 சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு மாதத் தவணை சுமார் 26,500. லைன் வீட்டு வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று தரகர் அடித்துச் சொல்கிறார். நம்பலாமா?

சரவணம்பட்டியில் வீடு வாடகைக்கு விட்டிருப்பவர்:
நம்ப வேண்டாம். விற்பவர் சொல்லும் விலையால் வகுக்காதீர்கள். உங்கள் கையிலிருந்து போகும் மொத்தப் பணத்தால் வகுங்கள். பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பத்திரத்தில் போடும் விலை, அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது கூடுதலோ அதன் மேல். தரகு, வக்கீல் செலவு எல்லாம் சேர்த்தால் ஃபிளாட்டின் அடக்க விலை 53 லட்சத்தைத் தொடும்.

அடுத்து, அந்த 18,000-இல் சங்கப் பராமரிப்புக் கட்டணம் அடங்குமா என்று கேளுங்கள். இங்கே பல ஃபிளாட்டுகளில் அதையும் சேர்த்துத்தான் வாடகை பேசுகிறார்கள். அது மாதம் 2,500 என்றால் ஆண்டுக்கு 30,000 போய்விடும். ஒரு மாதம் காலியாகக் கிடக்கும், சொத்து வரி, சில்லறைப் பழுது என்றும் கழித்தால் நிற்பது ஒன்றரை லட்சம், 2.8 சதவீதம்தான்.

வரிக் கணக்குப் பார்ப்பவர்:
வரிச் சலுகையை நம்பி யாரும் கணக்குப் போட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன். வாடகையிலிருந்து நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழித்து, மிச்சத்தில் 30 சதவீதம் நிலைக்கழிவு (செலவுக் கணக்குக் காட்டாமலே கிடைக்கும் கழிவு) கிடைக்கும். பராமரிப்பும் பழுதும் அதற்குள்தான், தனியாகக் கழிவு இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டி முழுவதும் கழியும். அதில் நஷ்டம் வந்தால், பழைய வரி முறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை சம்பளத்தில் ஈடுகட்டலாம். புதிய முறையில் சம்பளத்தோடு ஈடுகட்டவே முடியாது. நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.

லைன் வீடு வைத்திருப்பவர்:
நான் இதில் பல வருடம் இருப்பவன். லைன் வீட்டுக்கு எப்போதும் கை வைத்தபடியே இருக்க வேண்டும்: மோட்டார், ஓடு, சாக்கடை, செப்டிக் டேங்க். பத்திரச் செலவு, தரகு, ஆரம்பப் பழுதுக்கு மூன்று லட்சம் சேர்த்தால் அடக்கம் 71 லட்சம். பதினொரு மாத வாடகை 2,97,000. செலவு 61,000 என்று வைத்தால் மிச்சம் 2,36,000. அதாவது 3.3 சதவீதம். மாதம் 19,600 வரும்; தவணைக்கு ஏழாயிரம் போல உங்கள் கையிலிருந்து போட வேண்டும்.

தரகர் சொல்லாத மூன்று விஷயங்களைக் கேளுங்கள். குடியிருப்பவர்கள் கொடுத்த அட்வான்ஸ் யார் கையில் இருக்கிறது? நாளை அவர்கள் காலி செய்யும்போது திருப்பிக் கொடுக்க வேண்டியவர் நீங்கள். ஆகவே அந்தத் தொகையை விலையில் கழித்தே ஆக வேண்டும்.

இரண்டாவது, நான்கு வீட்டுக்கும் தனி மின் இணைப்பு உண்டா? ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஒரே இணைப்பில் நான்கு குடும்பம் என்றால் யூனிட் கட்டணம் மேல் படிக்கு ஏறும், சண்டையும் தீராது.

மூன்றாவதுதான் முக்கியம்: மாநகராட்சி அனுமதித்த வரைபடத்தில் நான்கு வீடும் இருக்கின்றனவா? விற்பவர் இல்லாத நேரத்தில் போய், குடியிருப்பவர்களிடம் வாடகை எவ்வளவு என்று நீங்களே விசாரியுங்கள்.

கேட்டவர்:
விசாரித்தேன். வாடகை 27,000 சரிதான். ஆனால் வரைபடத்தில் இரண்டு வீடுகள்தான் உள்ளன. அட்வான்ஸ் மொத்தம் 1,60,000. அதை விலையில் கழித்துக்கொள்ள விற்பவர் ஒத்துக்கொண்டார். இனி ஃபிளாட் பக்கம் போகலாமா?

லைன் வீடு வைத்திருப்பவர்:
அவசரப்படாதீர்கள். வரைபடத்தில் இல்லாத வீட்டுக்கு மதிப்புப் போட வங்கிப் பொறியாளர் தயங்குவார். 30 லட்சம் கிடைக்காமல் போகலாம். அந்த இரண்டு வீட்டு வாடகையையும் மறந்துவிட்டு, மூன்று சென்ட் நிலம் என்று மட்டும் விலை பேசுங்கள். அக்கம்பக்கத்து மனைகளின் கிரய விலையைப் பத்திர எழுத்தரிடம் கேளுங்கள். நிலத்துக்கு அந்த விலை தகும் என்றால் வாங்கலாம். ஃபிளாட்டை எடுப்பதானால் பிரிக்கப்படாத நிலப் பங்கு (மொத்த மனையில் அந்த ஃபிளாட்டுக்குச் சேரும் பங்கு) எத்தனை சதுர அடி என்று பத்திரத்தில் பார்க்காமல் முன்பணம் தராதீர்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இரண்டு இடத்துக்கும் வில்லங்கச் சான்று விண்ணப்பித்திருக்கிறேன். வங்கிப் பொறியாளர் பார்க்கும்வரை டோக்கன் கூடக் கொடுக்க முடியாது என்று தரகரிடம் சொல்லிவிட்டேன். ஃபிளாட்டின் நிலப் பங்கு தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.